ஜேர்மனி ஏன் மூன்று இடத்தில் கிடக்கிறது? நாடு, மொழி, நாணயப் பெயர்களை எல்லா மென்பொருளுக்கும் பொதுவாக்கும் முறை

"பிள்ளை, இந்த ஜேர்மனி ஏன் மூண்டு இடத்தில கிடக்கு?"

மாஸ்டர் கேட்டது இவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு அவர்தான் பொருளாளர், இளைப்பாறிய கணித ஆசிரியர். பரந்தன் சந்திக்குப் பக்கத்தில் இருக்கும் என் சின்ன அறைக்கு மாரி மழைக்குள் சைக்கிளில் வந்து, சொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்த கணக்கறிக்கையை மேசையில் விரித்தார். நான் எழுதிக் கொடுத்த மென்பொருள் அச்சடித்த அறிக்கை அது. வெளிநாடுகளில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பிய காசு நாடு வாரியாக அதில் இருந்தது. மேலே ஜெர்மனி, அதற்குக் கீழே ஜேர்மன், அதற்கும் கீழே ஜேர்மனி. மூன்றுக்கும் தனித்தனிக் கூட்டுத்தொகை. மாஸ்டர் பென்சிலால் மூன்றையும் கூட்டி ஓரத்தில் சரியான தொகையை எழுதி வைத்திருந்தார். அடுத்த பக்கத்தில் லண்டன், யூகே, இங்கிலாந்து, பிரித்தானியா என்று நாலு வரி நின்றது. அவை எல்லாமே ஒரே நாட்டிலிருந்து வந்த காசு.

அப்போது என் கையில் மூன்று மென்பொருள்கள் இருந்தன. சங்கத்தின் நன்கொடைக் கணக்கு ஒன்று, ஒரு கோயில் திருப்பணிக் கணக்கு ஒன்று, சனசமூக நிலைய வாசிகசாலையின் நூற்பட்டியல் ஒன்று. மூன்றிலும் நாட்டுப் பெயரோ மொழிப் பெயரோ நாணயப் பெயரோ வேண்டும். மூன்றுக்கும் நான் மூன்று பட்டியல் எழுதியிருந்தேன். கோயில் கணக்கில் 'அவுஸ்திரேலியா', சங்கக் கணக்கில் 'ஆஸ்திரேலியா'. ஒரே ஆள் இரண்டு இடத்துக்கும் காசு அனுப்பினால் இரண்டு பற்றுச்சீட்டிலும் அவர் வெவ்வேறு நாட்டில் இருப்பார்.

அதைச் சரிசெய்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ இதே மாதிரிச் சின்னச் சின்ன மென்பொருள் எழுதும் பிள்ளைகள் யாரும் என்னைப் போல மூன்று தடவை ஒரே வேலையைச் செய்யக் கூடாது என்பது என் ஆசை.

முதல் வேலை, பெயரைத் தரவுத்தளத்தில் சேமிப்பதை நிறுத்துவது. குறியீட்டை மட்டும் சேமியுங்கள். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவிடம் நாடுகளுக்கு ஐஎஸ்ஓ 3166, மொழிகளுக்கு ஐஎஸ்ஓ 639, நாணயங்களுக்கு ஐஎஸ்ஓ 4217 என்று தரங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டெழுத்துக் குறியீடு, மூன்றெழுத்துக் குறியீடு, மூன்று இலக்க எண் என மூன்று உண்டு. இலங்கைக்கு எண் 144, இந்தியாவுக்கு 356, கனடாவுக்கு 124, ஜேர்மனிக்கு 276. நாட்டுப் பட்டியலில் மொத்தம் 249 வரிகள். நாணயத்துக்கு மூன்றெழுத்தும் ஓர் எண்ணும். இலங்கை ரூபாவின் எண்ணும் 144தான், யூரோவுக்கு 978.

மூன்றில் எதைச் சேமிப்பது? நான் இரண்டெழுத்தைச் சேமிக்கிறேன். எண் பார்க்க உறுதியானது போலத் தெரியும். ஆனால் எல்லை மாறினால் எண் மாறும். தென் சூடான் 2011இல் பிரிந்தபோது அதற்கு 728 கிடைத்தது, சூடானின் எண் 736இலிருந்து 729 ஆனது, ஆனால் சூடானின் எழுத்துக் குறியீடு அப்படியே இருந்தது. பெயர் மாறும்போதும் அப்படித்தான். சுவாசிலாந்து 2018இல் எசுவாத்தினி ஆனது, துருக்கி 2022இல் ஆங்கிலத்தில் தன் பெயரின் எழுத்தை மாற்றிக்கொண்டது, குறியீடுகள் இரண்டும் மாறவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அவுஸ்திரேலியாவின் எண் 036. எக்செலில் திறந்து சேமித்தால் முன்னால் இருக்கும் பூச்சியம் போய் வெறும் 36 ஆகிவிடும்.

எழுத்துக் குறியீட்டிலும் இரண்டு குழிகள் இருக்கின்றன. நான் விழுந்தது நோர்வேயில். பெயர்ப்பட்டியலின் மேலே நம் ஆட்கள் அதிகம் இருக்கும் நாடுகள் முதலில் வரட்டும் என்று ஒரு யாமல் கோப்பில் (மென்பொருளின் அமைப்புகளை எழுதும் உரைக் கோப்பு) குறியீடுகளை வரிசையாக எழுதி வைத்தேன். நோர்வேயின் இரண்டெழுத்து ஆங்கிலத்தில் 'இல்லை' என்ற சொல்லாகவே இருக்கிறது. பழைய யாமல் விதிப்படி அந்தச் சொல்லை மேற்கோள்குறி இல்லாமல் எழுதினால் கணினி அதைப் 'பொய்' என்ற தருக்க மதிப்பாக எடுத்துக்கொள்ளும். அதனால் கனடா வந்தது, சுவிஸ் வந்தது, பிரான்ஸ் வந்தது, நோர்வே வரவில்லை. பேர்கனில் இருக்கும் ஒரு மாமி தொலைபேசி எடுத்து, "எங்கட நாட்டைக் காணேல்லையே பிள்ளை" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. எல்லாக் குறியீட்டையும் மேற்கோள்குறிக்குள் போடுங்கள். நமீபியாவுக்கும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு. பைத்தன் மொழியில் தரவைக் கையாளும் பாண்டாஸ் என்ற நிரல் நூலகம் அதன் இரண்டெழுத்தை 'தரவு இல்லை' என்று எடுத்துக்கொண்டு வெற்றிடமாக்கும். கோப்பை வாசிக்கும்போது அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லும் தெரிவைக் கொடுக்க வேண்டும்.

சரி, குறியீடு வந்துவிட்டது. திரையில் பெயர் எங்கிருந்து வரும்? இதற்குப் பொதுவான களஞ்சியங்கள் இரண்டு இருக்கின்றன.

ஒன்று டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் ஆட்கள் பராமரிக்கும் ஐஎஸ்ஓ-கோட்ஸ். டெபியன், உபுண்டு இரண்டிலும் அதே பெயரில் ஒரு பொதியாகக் கிடைக்கும். நிறுவினால் 'ஷேர்' அடைவுக்குள் ஐஎஸ்ஓ-கோட்ஸ் என்ற அடைவு வரும், அதற்குள் ஜேசன் என்ற உரைவடிவத் தரவுக் கோப்புகளாகக் குறியீட்டுப் பட்டியல்கள் இருக்கும். மொழிபெயர்ப்புகள், மென்பொருள் சொற்களை மொழிபெயர்க்கும் கெட்டெக்ஸ்ட் என்ற முறைப்படி, மற்ற மென்பொருள்களின் மொழிபெயர்ப்புகள் இருக்கும் அதே லொக்கேல் அடைவில் போய் உட்காரும். பைத்தனில் எழுதுபவர்களுக்கு பைகன்ட்ரி என்ற நூலகம் இதே பட்டியலையும் மொழிபெயர்ப்புகளையும் சேர்த்துக் கொடுக்கும், விண்டோஸிலும் ஓடும்.

மற்றது, எழுத்துகளுக்குக் கணினிக் குறி தரும் யூனிகோட் அமைப்பின் சிஎல்டிஆர். அன்ட்ரொயிட், ஐபோன், ஜாவா, இணைய உலாவிகள் எல்லாம் பெயர்களை எடுப்பது இதிலிருந்துதான். உலாவியில் ஓடும் மென்பொருள் என்றால் ஒன்றையும் இறக்கத் தேவையில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டின் இன்டில் பகுதியில் டிஸ்ப்ளேநேம்ஸ் என்று ஒன்று உண்டு. மொழி தமிழ், வகை நாடு, குறியீடு இது என்று கொடுத்தால் பெயரைத் தந்துவிடும். வகையை மாற்றினால் மொழிப் பெயரும் நாணயப் பெயரும் வரும்.

இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது, அதைத் தெரிந்து எடுக்க வேண்டும். ஐஎஸ்ஓ-கோட்ஸ் தரத்தின் அதிகாரபூர்வப் பெயரை ஒட்டிப் போகும். தென்கொரியா அதில் 'கொரியா, குடியரசு' என்ற மாதிரித் தலைகீழாக இருக்கும். சில நாடுகளுக்குப் 'பொதுப்பெயர்' என்று இன்னொரு புலமும் உண்டு. அது இருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் பெயரை எடுங்கள். சிஎல்டிஆர் மக்கள் சொல்லும் பெயரை முதன்மையாக வைத்திருக்கும். மொழிகளில் ஐஎஸ்ஓ-கோட்ஸ்தான் விரிவானது. ஐஎஸ்ஓ 639இன் மூன்றாம் பகுதியில் 7,000க்கும் மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன. வேடுவ மொழிக்கும் இலங்கை மலாய் மொழிக்கும் அதில் தனித்தனிக் குறியீடு உண்டு, பழந்தமிழுக்குக்கூடத் தனியாக ஒன்று இருக்கிறது. வாசிகசாலைப் பட்டியலுக்கு இந்த விரிவு பயன்படும். ஒரு நூலில் தமிழும் சிங்களமும் கலந்திருந்தால் 'பல மொழிகள்' என்ற குறியீட்டையும், எந்த மொழி என்றே தெரியாவிட்டால் 'தீர்மானிக்கப்படாதது' என்ற குறியீட்டையும் போடலாம். அந்த இடத்தை வெறுமையாக விடாதீர்கள், பிறகு யாரும் நிரப்ப மாட்டார்கள். நூலகங்கள் பயன்படுத்தும் மார்க் முறையில் ஜேர்மன் மொழிக்கும் பிரெஞ்சு மொழிக்கும் வேறு மூன்றெழுத்து இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஐஎஸ்ஓ 639இன் இரண்டாம் பகுதியில் நூற்பட்டியலுக்கு ஒன்று, மற்றப் பாவனைக்கு ஒன்று என்று சில மொழிகளுக்கு இரண்டு குறியீடு இருக்கிறது.

இனி நம் பிரச்சினைக்கு வருகிறேன், அதிகம் யோசித்தது இதற்காகத்தான்.

பொதுக் களஞ்சியத்தைப் பூட்டி முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது திரையில் வந்தவை: ஜெர்மனி, நார்வே, ஆஸ்திரேலியா, கத்தார், யுனைடெட் கிங்டம், அமெரிக்க டாலர், இலங்கை ரூபாய். பிழை ஒன்றும் இல்லை, தமிழ்நாட்டு வாசகர் இதைத்தான் எழுதுவார். ஆனால் இந்த அறிக்கையை வாசிக்கும் கிளிநொச்சி ஆட்கள் பாடப்புத்தகத்திலும் பத்திரிகையிலும் படித்தது ஜேர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியா, கட்டார், ஐக்கிய இராச்சியம், டொலர், ரூபா. மாஸ்டர் அச்சிட்ட தாளைப் பார்த்துவிட்டு, "இது எங்கட கணக்கு மாதிரி இல்லையே" என்றார். அவருக்கு அது முக்கியம். எனக்கும் முக்கியம்.

இந்த இடத்தில்தான் பலர் முழுப் பட்டியலையும் நகல் எடுத்துத் தங்கள் விருப்பப்படி மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். 249 வரியையும் வாழ்நாள் முழுக்க நாமே பார்க்க வேண்டும். வேறுபடுவது இருபது முப்பது வரிதான். அந்த வரிகளை மட்டும் தனியாக வைத்து, மிச்சத்தைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுக்க வேண்டும்.

கெட்டெக்ஸ்ட்டில் இதற்கு அழகான வழி ஏற்கனவே இருக்கிறது. மொழிச் சூழலை 'தமிழ்–இலங்கை' என்று வைத்தால் அது முதலில் தமிழ்–இலங்கை அடைவில் தேடும். அங்கே அந்தச் சொல் இல்லாவிட்டால் வெறும் தமிழ் அடைவுக்குப் போகும். அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலமே வரும். இந்தத் தேடல் கோப்புக்கு ஒருமுறை நடப்பதில்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாக நடக்கிறது. ஆகவே இருபது வரி மட்டும் உள்ள ஒரு சின்ன எம்ஓ கோப்பை (கெட்டெக்ஸ்ட் வாசிக்கும் மொழிபெயர்ப்புக் கோப்பு) செய்து, ஐஎஸ்ஓ-கோட்ஸ் பயன்படுத்தும் அதே கோப்புப் பெயரில் தமிழ்–இலங்கை அடைவில் வைத்தால் போதும். அந்தக் கணினியில் இந்தப் பட்டியலைப் பயன்படுத்தும் எந்த மென்பொருளும், நான் எழுதாததுகூட, நோர்வே என்று காட்டத் தொடங்கும். பொதியைப் புதுப்பித்தாலும் நம் கோப்பு அழியாது, ஏனென்றால் அந்த இடத்தில் பொதி ஒன்றையும் வைப்பதில்லை. முதல் தடவை இது வேலை செய்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சம் இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. கெட்டெக்ஸ்ட் குறியீட்டை வைத்துத் தேடுவதில்லை, ஆங்கிலப் பெயரைச் சாவியாக வைத்துத் தேடுகிறது. துருக்கிக்கு நடந்த மாதிரி ஆங்கிலப் பெயரில் ஒரு எழுத்து மாறினால்கூட நம் மொழிபெயர்ப்பு சத்தமில்லாமல் கழன்றுவிடும். அதனால் எம்ஓவுக்கு மூலமான பிஓ உரைக் கோப்பை நான் கையால் எழுதுவதில்லை. 'ஊர்க்கோப்பு' என்று பெயர் வைத்து ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். அதில் நாலு நெடுவரிசை: வகை, குறியீடு, பெயர், குறிப்பு. ஒரு வரி இப்படி இருக்கும்: நாடு, நோர்வேயின் குறியீடு, 'நோர்வே', 'பாடப்புத்தக வழக்கு'. சின்னப் பைத்தன் நிரல் ஒன்று இந்தக் குறியீட்டை எடுத்து, நிறுவியிருக்கும் ஜேசனில் இன்றைய ஆங்கிலப் பெயரைப் பார்த்து, பிஓ கோப்பை எழுதி, எம்ஓ ஆக மாற்றிவிடும். பொதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நிரலை ஓட்டுவேன். பிஓவின் தலைப்பகுதியில் எழுத்துக்குறி யூடிஎஃப்-8 என்று கட்டாயம் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் தமிழ் வாசிக்கப்படாமல் பிழை வரும்.

அதே ஊர்க்கோப்பிலிருந்து ஒரு ஜேசனையும் அந்த நிரல் எழுதுகிறது. அது உலாவிக்கு. உலாவியின் உள்ளே இருக்கும் சிஎல்டிஆர் பட்டியலில் நாம் கை வைக்க முடியாது. அதனால் பெயர் கேட்கும் இடமெல்லாம் ஒரே செயற்கூறை அழைக்கிறேன். அது முதலில் ஊர்க்கோப்பைப் பார்க்கும், இல்லாவிட்டால் டிஸ்ப்ளேநேம்ஸைக் கேட்கும். இரண்டு பக்கமும் ஒரே மூலத்திலிருந்து வருவதால் அச்சிலும் திரையிலும் ஒரே பெயர்தான் வரும்.

ஊர்க்கோப்பில் என்னென்ன போடலாம் என்பதற்கும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். நம் பாடப்புத்தகத்திலோ பத்திரிகையிலோ பரவலாக வேறு எழுத்தில் இருந்தால் மட்டும் போடுவேன். எனக்குப் பிடித்த எழுத்து என்பதற்காக ஒன்றும் போடுவதில்லை. பிரான்ஸை பிரான்சு என்று எழுத எனக்கு ஆசை, ஆனால் இங்கே எல்லோரும் பிரான்ஸ் என்றுதான் எழுதுகிறார்கள், ஆகவே விட்டுவிட்டேன். இலங்கைக்கும் வேலை இல்லை. ஆங்கிலத்தில் 1972இல் சிலோன் போய் ஸ்ரீலங்கா வந்தது, தமிழில் அதற்கு முன்னும் பின்னும் இலங்கைதான்.

அடுத்தது பழைய தரவு. மாஸ்டரின் பென்சில் வேலையை இனி யாரும் செய்யாமல் இருக்க வேண்டுமென்றால், ஏற்கனவே தட்டச்சு செய்த பெயர்களைக் குறியீடாக மாற்ற வேண்டும். இதற்கு 'மாற்றுப்பெயர்க் கோப்பு' என்று இன்னொன்று. இடப்பக்கம் ஆட்கள் எழுதியது, வலப்பக்கம் குறியீடு. ஜெர்மனி, ஜேர்மன், ஜேர்மனி மூன்றும் ஒரே குறியீடு. லண்டன், இங்கிலாந்து, யூகே, பிரித்தானியா நாலும் ஒன்று. டுபாய் என்றால் ஐக்கிய அரபு இராச்சியம். ஒல்லாந்தும் ஹொலண்டும் நெதர்லாந்து. சுவிஸ் சுவிட்சர்லாந்து. நம் வீடுகளில் "தம்பி லண்டனில" என்றால் பேர்மிங்காமாகவும் இருக்கலாம். ஆகவே நகரப் பெயரை நாடாக மாற்றும்போது முகவரி இருந்தால் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். லண்டன் என்ற பெயரில் கனடாவிலும் ஒரு நகரம் இருக்கிறது, அப்படி ஒருவர் எங்கள் பட்டியலிலேயே இருந்தார்.

ஒப்பிடுவதற்கு முன் எழுத்தைச் சீராக்க வேண்டும். 'டொலர்' என்ற சொல்லின் முதல் எழுத்தைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியாகவும், சில கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கும். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு. யூனிகோடின் என்எஃப்சி முறையில் சீராக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். 'ஸ்ரீ' எழுத்து மட்டும் இதற்கு அடங்காது. அதை இரண்டு வேறு மெய்யெழுத்தால் எழுதலாம், என்எஃப்சி அவற்றை இணைக்காது, நாமே மாற்ற வேண்டும். 'ஸ்ரீலங்கா' என்று எழுதிய வரிகளில் பாதி பிடிபடாமல் போனது இதனால்தான். பழைய கோப்பு பாமினி எழுத்துருவில் இருந்தால் முதலில் அதை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒன்றும் செய்ய முடியாது. சங்கத்தின் பழைய பட்டியல் முழுக்கப் பாமினி. மாற்றிய பிறகு ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்தேன். இரண்டு இரவு போனது.

அந்தப் பழைய பட்டியலில் மார்க், பிராங் எல்லாம் இருந்தன. யூரோத் தாள்கள் புழக்கத்துக்கு வந்தது 2002இல்தான், அதற்கு முன் ஜேர்மனியிலிருந்து வந்தது மார்க். அதை யூரோவாக மாற்றி எழுதாதீர்கள், வந்தது வந்தபடியே இருக்கட்டும். கைவிடப்பட்ட நாணயங்களுக்கும் குறியீடுகள் இருக்கின்றன, சிஎல்டிஆர் அவற்றையும் வைத்திருக்கிறது. தமிழ்ப் பெயரை நான் ஊர்க்கோப்பில் சேர்த்துவிட்டேன்.

நாணயத்தில் பெயரைவிடப் பெரிய ஆபத்துத் தசமத்தில் இருக்கிறது. குவைத்தில் வேலை செய்யும் ஒருவர் 12.500 தினார் கொடுத்திருந்தார். என் நிரல் புள்ளியை எடுத்துவிட்டு 12500 என்று சேமித்து, காட்டும்போது நூறால் பிரித்து 125 தினார் என்று அச்சடித்தது. ரூபாவுக்கு நூறு சதம், ஆனால் குவைத் தினாருக்கு ஆயிரம் பில்ஸ். அந்த அறிக்கையைக் கூட்டத்தில் வாசித்துவிட்டார்கள். கொடுத்தவருக்குத்தான் சங்கடம். "நான் அவ்வளவு குடுக்கேல்லை" என்று அவரே அழைத்துச் சொன்னார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். குவைத், பஹ்ரெயின், ஓமான் நாணயங்களுக்கு மூன்று தசம இடம், ஜப்பானிய யென்னுக்கு ஒன்றுமில்லை. ஐஎஸ்ஓ-கோட்ஸின் நாணயக் கோப்பில் பெயரும் குறியீடும் எண்ணும்தான் இருக்கும், தசம இடம் இருக்காது. அதை சிஎல்டிஆரிலிருந்து எடுங்கள். உலாவியில் இன்டில் பகுதியின் எண் வடிவமைப்பு இதைத் தானாகவே பார்த்துக்கொள்ளும்.

வாக்கியத்துக்குள் பெயரைச் செருகும்போது தமிழ் நம்மை மாட்டிவிடும். பற்றுச்சீட்டில் நாட்டுப் பெயருக்குப் பின்னால் 'இல் இருந்து' என்று ஒட்டவைத்திருந்தேன். 'கனடாஇல் இருந்து', 'இலங்கைஇல் இருந்து' என்று வந்தது. வகரமும் யகரமும் உடம்படுமெய்யாக வர வேண்டிய இடம், பிரான்ஸுக்கு அதுவும் வராது. களஞ்சியங்களில் வேற்றுமை ஏற்ற நாட்டுப் பெயர்கள் இல்லை. விதி எழுதிச் சமாளிக்கலாம், ஆனால் வாக்கியத்தை மாற்றுவது சுலபம். 'அனுப்பிய நாடு: கனடா' என்று எழுவாய் வடிவிலேயே நிறுத்திவிட்டேன். பன்மையும் அப்படித்தான். சிஎல்டிஆரில் நாணயத்துக்கு ஒருமை, பன்மை என இரண்டு இடம் இருக்கும். நாம் பேசுவதும் எழுதுவதும் '500 டொலர்' என்றுதான், ஆகவே ஊர்க்கோப்பில் இரண்டிலும் 'டொலர்' என்றே போட்டிருக்கிறேன்.

வரிசைப்படுத்தும்போது வெறும் யூனிகோட் எண் வரிசையை நம்ப வேண்டாம். அந்த வரிசையில் னகரம் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் கனடா கயானாவுக்கு முன்னால் வந்துவிடும். நெடுங்கணக்கில் யகரம் முன்னே, னகரம் கடைசி. தமிழ் வரிசை விதி தெரிந்த ஐசியூ நூலகத்தையோ உலாவியின் கொலேட்டரையோ பயன்படுத்தினால் அகராதி வரிசை வரும்.

மாவட்டங்களுக்கும் குறியீடு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 3166இன் இரண்டாம் பகுதியில் வட மாகாணம் 4. யாழ்ப்பாணம் 41, கிளிநொச்சி 42, மன்னார் 43, வவுனியா 44, முல்லைத்தீவு 45, எல்லாவற்றுக்கும் முன்னால் இலங்கையின் இரண்டெழுத்து வரும். முல்லைத்தீவை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், 45இன் அருமை விளங்கும்.

ஊர்க்கோப்பும் மாற்றுப்பெயர்க் கோப்பும் மூன்று மென்பொருளுக்கும் பொது. தனி அடைவில், மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் களஞ்சியமாக வைத்திருக்கிறேன், மென்பொருள்கள் அதை வாசிக்கும், எதுவும் அதற்குள் எழுதாது. கோயில் கணினியில் இணையம் கிடையாது, ஆகவே பென் ட்ரைவில் கொண்டுபோய்ப் போடுவேன். கோப்பின் முதல் வரியில் திகதியைப் பதிப்பு எண்ணாக எழுதி, மென்பொருளின் 'பற்றி' பக்கத்தில் காட்டுகிறேன். யாராவது தொலைபேசியில் பிழை சொன்னால் முதலில் கேட்பது அந்தத் திகதியைத்தான்.

எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதும் வேண்டும். ஐஎஸ்ஓ-கோட்ஸின் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற தளத்தில் நடக்கிறது, கணக்குத் திறந்து தமிழில் விடுபட்ட வரியை நிரப்பலாம். சிஎல்டிஆருக்கு சர்வே டூல் என்று ஒன்று உண்டு, அது வருடத்தில் சில வாரங்கள் மட்டும் திறந்திருக்கும். இரண்டிலும் ஒரு விசயத்தில் கவனமாக இருங்கள். பொதுத் தமிழ்ப் பட்டியலில் இருக்கும் 'நார்வே'யை 'நோர்வே' என்று மாற்றப் போகாதீர்கள். தமிழ்நாட்டில் கோடிக்கணக்கான ஆட்களுக்கு அதுதான் சரி, அவர்கள் திரும்ப மாற்றுவார்கள், அந்தச் சண்டையில் வரி நிரப்பும் ஆட்கள் சலித்துப் போவார்கள். நம் வழக்கை தமிழ்–இலங்கைக்குள் கேளுங்கள். பொதுப் பட்டியலில் எழுத்துப்பிழை, விடுபட்ட பெயர், தவறான நாடு இவற்றை மட்டும் திருத்துங்கள். நான் ஒரு சிறுபோக காலம் முழுக்க மாலை அரை மணித்தியாலம் ஒதுக்கி மொழிப் பெயர்களை நிரப்பினேன்.

புது அறிக்கையை மாஸ்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஜேர்மனியை ஒரே இடத்தில் பார்த்து, தொகையைப் பென்சிலால் ஒருமுறை கூட்டிச் சரிபார்த்தார். அப்புறம் சுவிட்சர்லாந்து என்ற வரியில் விரலை வைத்தார்.

"இதை ஆர் பிள்ளை இப்பிடிச் சொல்லினம்? சுவிஸ் எண்டு போட ஏலாதோ?"

பாடப்புத்தகத்தில் சுவிட்சர்லாந்து என்றுதான் இருக்கிறது என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அறிக்கையில அது இருக்கட்டும். ஆனா சுவிஸ் எண்டு அடிச்சாலும் எடுக்க வேணும்" என்றார். அது மாற்றுப்பெயர்க் கோப்பில் ஏற்கனவே இருந்தது.